அவள் கவர்மெண்டில் இருக்கிறாள்

தூத்துக்குடியில் ஒரு அரிசிக் கடையின் மாடியில், அரசு வேலைக்குப் பரீட்சை எழுதுகிறவர்களுக்கு நான் பாடம் எடுக்கிறேன். பொதுத்தமிழும் கொஞ்சம் பொது அறிவும். கீழே மூட்டை இறக்குகிற சத்தத்துக்கு மேலே குரலை எடுத்துப் பேசிப் பேசி என் தொண்டை கரகரத்த தொண்டையாகவே நின்றுவிட்டது. என்னிடம் படித்தவர்கள் இந்த மாவட்டத்துத் தாலுகா ஆபீஸ்களிலும் யூனியன் ஆபீஸ்களிலும் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார்கள். நான் இன்னும் மாடியில் நின்றுகொண்டிருக்கிறேன். அவர்கள் ஒவ்வொருவர் மேலும் எனக்குப் பொறாமை உண்டு. பாராட்டு விழா மேடையில் பெருமையாக இருக்கிறது என்று சொல்வேன். அது பொய்யில்லை, ஆனால் பொறாமைதான் முதலில் வரும்.

என் முதல் வகுப்பு எப்போதும் சொற்களில்தான் தொடங்கும். பரீட்சையில் கலைச்சொல் கேட்பார்கள் என்பது ஒரு சாக்கு. அந்தச் சொற்களை வாயில் போட்டு மெல்லுவது எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். சிவில் சர்வன்ட் என்று போர்டில் எழுதிப் பக்கத்தில் குடிமைப் பணியாளர் என்று எழுதுவேன். பிறகு ஊழியர், பணியாளர், அலுவலர், அதிகாரி என்று கீழிருந்து மேலே ஏறுவேன். ஊழியர் என்பது சங்கத்துக் கொடியில் இருக்கும், சம்பளம் கூட்டிக் கேட்கும்போது. அலுவலர் என்பது மேசைப் பலகையில் இருக்கும். அதிகாரி என்று யாரும் தன்னைத்தானே சொல்லிக்கொள்வதில்லை, எதிரே மனுவோடு நிற்கிறவன்தான் சொல்ல வேண்டும். கணக்குப்பிள்ளை இருந்த இடத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார், ஜனங்கள் வாயில் வியேவோ. தலையாரி கிராம உதவியாளர் ஆனார். பியூன் அலுவலக உதவியாளர் ஆனார். தாசில்தாரை வட்டாட்சியர் என்று எத்தனை பலகையில் எழுதி வைத்தாலும் ஜனங்கள் தாசில்தார் என்றே கூப்பிடுகிறார்கள். இதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இதில் ஒரு சொல்லையாவது என் பெயருக்குக் கீழே எழுதிப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

நான் சாயர்புரத்துக்காரன், மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் வீட்டுப் பிள்ளை. எங்கள் ஆட்களுக்கு ஊழியம் என்றால் அது கோயில் காரியம், ஆண்டவருக்குச் செய்வது. மற்றது உத்தியோகம். உத்தியோகத்திலும் கவர்மெண்ட் உத்தியோகம்தான் உத்தியோகம், மீதியெல்லாம் பிழைப்பு. நாசரேத், சாத்தான்குளம் பக்கத்து எங்கள் சொந்தங்களின் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்தால் இது விளங்கும். ஒவ்வொரு பெயருக்கும் கீழே வேலை அச்சாகியிருக்கும். தலைமையாசிரியர், ஓய்வு. இளநிலை உதவியாளர், கருவூலம். செவிலியர், அரசு மருத்துவமனை. இறந்துபோனவர்களுக்குக்கூட முன்னாள் என்று சேர்த்து வேலையைப் போட்டுவிடுவார்கள். என் பெயருக்குக் கீழே மட்டும் எம்.ஏ., பி.எட். என்று படிப்பு நிற்கும். படிப்பு மட்டும் நின்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும்.

பேச்சிலும் அப்படித்தான். ஹார்பரில் ஏஜென்சியில் இருக்கிறவனைப் பற்றிக் கேட்டால், அங்கே வேலை பார்க்கிறான் என்பார்கள். உப்பளத்துக்காரன் வேலை பார்க்கிறான், அரிசிக் கடைக்காரர் வேலை பார்க்கிறார், நானும் மாடியில் வேலை பார்க்கிறேன். தாலுகா ஆபீஸ்காரரைப் பற்றிக் கேட்டால் மட்டும், அவர் கவர்மெண்டில் இருக்கிறார் என்பார்கள். அவர் பார்க்கவே வேண்டாம், இருந்தால் போதும். எனக்கும் அப்படிச் சும்மா இருக்கவேண்டும் என்றுதான் ஏக்கம். ஓய்வூதியம், லீவு எல்லாம் அப்புறம்.

என் மனைவி வேம்பார்க்காரி. கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம். மாடியில் என்னிடம் படிக்க வந்தவள், கல்யாணத்துக்குப் பிறகும் படிக்க வந்தாள். ஒருவன் வேதக்கோயிலுக்கும் ஒருத்தி மாதா கோயிலுக்கும் போவதைப் பற்றி இரண்டு பக்கமும் முனங்கி ஓய்ந்தபோது, அவள் அப்பா ஒன்றுதான் கேட்டார். அவர் வாழ்நாளெல்லாம் கப்பலில் போனவர்.

"மாப்ளைக்கு நல்ல தொழில் கையில இருக்கு. பெறகு எதுக்கு அந்தப் பரீட்சையப் போட்டு எழுதிக்கிட்டே இருக்காரு?"

அந்தக் கரையில் கவர்மெண்ட் ஆள் என்றால் அர்த்தமே வேறு. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் இவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கிச் சிப்பி அள்ளி வருவார்கள். கரையில் சர்க்கார் ஆள் கொட்டகை போட்டு உட்கார்ந்து, பெரும்பங்கை சர்க்காருக்கு என்று ஒதுக்கிவிட்டு மிச்சத்தை இவர்கள் பக்கம் தள்ளுவார். தலைமுறை கடந்தும் அந்த நினைப்பு போகவில்லை. நனையாமல் பங்கு வாங்குகிறவன், அவன்தான் சர்க்கார் ஆள். மாமனார் இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இளக்காரம் இருந்தது. நான் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவனை நினைத்து ஏங்கினேன். நனையாமல் பங்கு வாங்குவதில் என்ன தப்பு இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அவளும் நானும் ஒரே பரீட்சை எழுதினோம். நான் சொல்லிக் கொடுத்து அவள் எழுதினாள், நான் சொல்லிக் கொடுத்ததையே நானும் எழுதினேன். முடிவு வந்த அன்று என் நம்பரைத்தான் அவள் முதலில் செல்போனில் போட்டுப் பார்த்தாள். பிறகு தன்னுடையதையும் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் அடுப்படிக்குப் போனாள். அதிலிருந்தே இரண்டு விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டது. நான் தவறிவிட்டேன், அவள் தேறிவிட்டாள். இரண்டு பேரும் தவறியிருந்தால் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பாள்.

"ஒரு கேள்வி, ரெண்டு கேள்விலதாம் போயிருக்கும். உங்களுக்குத் தெரியாததா" என்றாள், பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே.

எனக்குத் தெரியும், எல்லாம் தெரியும். தெரிந்ததுதான் வினை. நாலு விடையைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடு என்றால், நான் அந்த நாலையும் பற்றி யோசிக்கிறவன். மற்ற மூன்றும் எந்தச் சந்தர்ப்பத்தில் சரியாக இருக்கும் என்று என் மனம் போய்விடும். அவள் ஒன்றைத் தொட்டு நிரப்பிவிட்டு அடுத்ததுக்குப் போகிறவள். கடற்கரைப் பிள்ளை, அலை வருகிறதென்றால் படகைத் தள்ளத்தான் தெரியும்.

பயிற்சி மையத்து முதலாளி அண்ணாச்சி அரிசிக் கடை முகப்பை மறைத்து ஃப்ளெக்ஸ் கட்டினார். தேறியவர்கள் படமெல்லாம் அதில் இருந்தது, நடுவில் பெரிதாக என் மனைவியின் படம். அதன் கீழே கிராம நிர்வாக அலுவலர் என்று கொட்டை எழுத்தில். என் படமும் ஓரத்தில் ஒரு வட்டத்துக்குள் இருந்தது, பயிற்றுநர் என்று. பாராட்டு விழாவில் அவளுக்குச் சால்வை போடச் சொல்லி அண்ணாச்சி என்னையே மேடைக்கு ஏற்றினார். கூட்டம் கை தட்டியது. அந்த நேரத்தில் ஏதாவது பெருந்தன்மையாகச் செய்ய வேண்டும் என்று தோன்றி மைக்கை வாங்கி, "இனிமே நான் பரீட்சை எழுதப்போவதில்லை, எழுத வைப்பதுதான் என் வேலை" என்று சொல்லிவிட்டேன். அதற்கு இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். இவ்வளவு பேர் இதற்காகவா காத்திருந்தார்கள் என்று எனக்குச் சுருக்கென்றது.

அவளுக்குப் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் போஸ்டிங் கிடைத்தது. எனக்குப் பொறாமைப்படப் புதிதாக நிறைய விஷயம் கிடைத்தது. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, அதை வீட்டுக்கு வந்ததும் கழற்றிப் பூண்டுக் கூடை மேல் எறிகிற அலட்சியம். ஜமாபந்தி வந்தால் வாரக்கணக்கில் அலுத்துக்கொள்வாள். ஜமாபந்தி என்றால் வருவாய்த் தீர்வாயம், கிராமக் கணக்குகளைத் தாலுகா ஆபீஸில் கொண்டுபோய்ச் சரிபார்ப்பது என்று நான் எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். ஒரு ஜமாபந்தியையும் கண்ணால் கண்டதில்லை. அவள் அதில் உட்கார்ந்துவிட்டு வந்து, "ஒரே புழுக்கம், சாப்பாடு வேற சரியில்ல" என்கிறாள். அந்தப் புழுக்கத்தில் உட்காரத்தான் நான் பாதி ஆயுளைப் படித்தே கழித்தேன். அவள் அலுப்பின் மேல்கூட எனக்குப் பொறாமை.

கிராமத்துக்கு அவளைக் கொண்டுவிடப் போனால், டீக்கடையில் பெரியவர்கள் எழுந்து நின்று அவளைக் கும்பிடுவார்கள். என்னைப் பார்த்து, "வியேவோ அம்மா வீட்டுக்காரவுக" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். கேட்க மரியாதையாகத்தான் இருக்கும். திரும்பி வரும்போது மட்டும் வண்டி கொஞ்சம் வேகமாகப் போகும்.

அந்த வருஷம் என் சித்தப்பா மகன் கல்யாணப் பத்திரிகை வந்தது. என் பெயர், கீழே எம்.ஏ., பி.எட். அவள் பெயர், கீழே கிராம நிர்வாக அலுவலர். எங்கள் குடும்பத்துப் பத்திரிகையில், எங்கள் ஆட்கள் வரிசையில், எனக்கு வரவேண்டியது ஒரு வரி கீழே இறங்கி அவளுக்கு விழுந்திருந்தது. அவள் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "பேர்ல ஒரு கால் விட்டுப் போச்சு" என்று மட்டும் சொன்னாள். நான் அதை டிவி பெட்டிக்குப் பின்னால் செருகி வைத்தேன். போகிற வருகிறவர்கள் யார் கண்ணிலும் படக்கூடாது என்று.

அடுத்த பரீட்சைக்கு அறிவிப்பு வந்தது. வயது வரம்புப்படி எனக்கு அதுதான் கடைசி. வகுப்பில் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போடச் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் பிரவுசிங் சென்டருக்குப் போய் நானும் ஒன்று போட்டேன். அவளிடம் சொல்லவில்லை. மேடையில் சொன்ன வார்த்தை ஒரு காரணம். தவறினால் இன்னொரு தடவை அவள் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு ஆறுதல் சொல்ல வேண்டாமே என்பது இன்னொன்று. தேறினால் மட்டும் சொல்வோம் என்று வைத்துக்கொண்டேன். அவள் பட்டா, சிட்டா என்று பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் சாதாரணமாக, "எனக்கும் போஸ்டிங் வந்திட்டு" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தை மனதுக்குள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

பரீட்சைக்கு முந்திய வாரம் அவள் ஆபீஸிலிருந்து வந்ததும் அட்டையைக் கூடையில் எறிந்துவிட்டுச் சொன்னாள்.

"எனக்கு மொபைல் டீம் டூட்டி போட்டுட்டாவ. ஞாயித்துக்கெழம பூசைக்கும் போகமுடியாது."

மொபைல் டீம் என்றால், கருவூலத்திலிருந்து வினாத்தாள் பெட்டிகளை ஜீப்பில் ஏற்றிப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கொண்டுபோய் ஒப்படைக்கிற குழு. ஒரு துணை தாசில்தார், ஒரு வியேவோ, ஒரு போலீஸ்காரர்.

"எந்தப் பக்கம்?" என்றேன்.

"எங்க ஊர்ப் பக்கந்தான், வெளாத்திகுளம், வேம்பார். எங்க டீம் போற சென்டர்ல எனக்கு நெருங்குன சொந்தம் யாரும் எழுதலன்னு கையெழுத்து வாங்குனாவ. அங்கன நம்ம ஆளுக யாரு இருக்கா பரீட்சை எழுத? போட்டுக் குடுத்திட்டேன்."

என் ஹால்டிக்கெட்டில் இருந்தது தூத்துக்குடி டவுனுக்குள் ஒரு பள்ளிக்கூடம். அவள் கையெழுத்துப் போட்டது சத்தியமான உண்மை. அதனால் நான் பேசாமல் இருந்துகொண்டேன்.

பரீட்சை நாள் காலையில் அவள் விடியுமுன்னே போய்விட்டாள். பிள்ளைகளை வாசலில் நின்று அனுப்பிவைக்கப் போகிறேன் என்று அவளிடம் முந்திய நாளே சொல்லியிருந்தேன். எங்கள் தொழிலில் அது வழக்கம், எல்லா மையத்து வாத்தியார்களும் பள்ளிக்கூட வாசலில் நின்று விபூதி பூசியோ ஜெபம் சொல்லியோ பிள்ளைகளை அனுப்புவார்கள். நானும் போனேன். நாலு பேருக்குக் கை கொடுத்து, பதறாதே, தெரிந்ததை முதலில் போடு என்றெல்லாம் சொன்னேன். பிறகு ஹால்டிக்கெட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னாலேயே உள்ளே போனேன்.

"சார், நீங்களுமா?" என்று என் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்.

"சும்மா, டச் விட்டுப்போகக் கூடாதுல்லா" என்றேன். அவள் என்னிடம் ஏதாவது சந்தேகம் கேட்டுவிடப் போகிறாளே என்று தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒதுங்கினேன்.

அந்த நேரம்தான் ஜீப் உள்ளே வந்தது. முன் சீட்டிலிருந்து துணை தாசில்தார் இறங்கினார். அவர் என் பழைய மாணவர்தான், அந்தக் கணக்கில் அவர் மேலும் எனக்கு ஒரு பொறாமை பாக்கி உண்டு. பின்னால் போலீஸ்காரர் இறங்கினார். அவருக்குப் பின்னால், பெட்டியை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, அடையாள அட்டை காற்றில் அடிக்க, என் மனைவி இறங்கினாள்.

பிறகுதான் விவரம் தெரிந்தது. டவுன் குழுவில் போக வேண்டிய வியேவோவுக்குக் காலையில் காய்ச்சல். இவளை அங்கேயும் இவளுக்குப் பதில் இன்னொருத்தரை வேம்பாருக்கும் மாற்றிவிட்டார்கள். அவள் போட்ட உறுதிமொழிக் கையெழுத்து அப்படியே அவளோடு டவுனுக்கு வந்துவிட்டது. வேம்பார்ச் சாலையில் உண்மையாக இருந்தது, இந்தப் பள்ளிக்கூட வாசலுக்குள் நுழைந்ததும் பொய்யாகிவிட்டது. அதைப் பொய்யாக்கினது நான், தொட்டிக்குப் பின்னால் கையில் ஹால்டிக்கெட்டோடு நின்ற நான்.

அவள் என்னைப் பார்க்கவில்லை என்று நினைத்தேன். பெட்டியோடு தலைமையாசிரியர் அறைக்குள் போனாள். எனக்கு யோசிக்கக் கொஞ்ச நேரமே இருந்தது. உள்ளே போய் வருகைப் பதிவில் நான் கையெழுத்துப் போட்டால் அது ஆதாரம். தவறிவிட்டால் ஒன்றுமில்லை, யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். தேறிவிட்டால்தான் ஆபத்து. எங்கள் ஊரில் ஒருவனுக்குக் கவர்மெண்ட் வேலை கிடைத்தால் மறுநாளே ஒரு மொட்டைக் கடிதம் கிளம்பும். பெண்டாட்டி பெட்டி தூக்கின சென்டரில் புருஷன் எழுதித் தேறியிருக்கிறான் என்று ஒரு வரி போதும். எனக்கு வந்த வேலையும் போகும், அவளுக்கு இருக்கிற வேலையும் போகும். நான் அவளுக்கு நல்லது செய்ய ஒரே வழி, தவறுவது. அதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

ஆனாலும் போ என்று ஒன்று எனக்குள்ளே சொல்லத்தான் செய்தது. போய் உட்காரு. அவள் வேலை போனால் போகட்டும், கொஞ்ச நாளைக்கு அவளும் வேலை பார்க்கிறவளாக இருக்கட்டும், அவள் பெயருக்குக் கீழேயும் வெறும் படிப்பு மட்டும் நிற்கட்டும் என்று சொன்னது. அந்த யோசனை எனக்கு இனித்தது. எவ்வளவு நேரம் இனித்தது என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு அவள் அறையிலிருந்து வராந்தாவுக்கு வந்து, கொண்டை ஊசியைப் பல்லில் கடித்தபடி அவிழ்ந்த முடியைச் சுருட்டிக் கட்டினாள். வீட்டில் அவசரமாகக் கிளம்பும்போது செய்கிற அதே மாதிரி. நான் சுவரை ஒட்டி நடந்து, சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் போய், வெளியே வந்துவிட்டேன். கேட்டில் நின்ற காவலர், "உள்ள போகலையா சார், கேட்டச் சாத்தப் போறாவ" என்றார். பிள்ளைகளை அனுப்ப வந்தேன் என்று சொன்னேன்.

எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்து கேட் சாத்துவதைப் பார்த்தேன். இனி வயது வரம்பு என்னைத் தாண்டிப் போய்விடும், நான் எழுதவே முடியாது. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. ஒரு கையெழுத்து. அவள் போட்டதனால் அது உண்மையாக இருந்தே ஆக வேண்டும், அதற்காக ஒரு ஆள் எழுந்து வெளியே வர வேண்டும். நான் வாழ்நாளில் எவ்வளவோ இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அது உண்மையா பொய்யா என்று யாரும் கேட்டதில்லை, அதனால் யாருக்கும் எதுவும் போனதில்லை. அரசு ஊழியர் என்றால் என்ன என்று இத்தனை வருஷம் போர்டில் எழுதினேனே, அதன் அர்த்தம் அந்த டீக்கடை பெஞ்சில்தான் எனக்குப் புரிந்தது. தன் கையெழுத்து பொய்யாகாமல் இருக்கக் கடமைப்பட்ட ஆள். எனக்கு அந்தக் கடமை கிடைக்கவில்லையே என்றுதான் எரிந்தது.

மத்தியானம் அவள் வீட்டுக்கு வந்தபோது நான் படுத்திருந்தேன். அட்டையைக் கூடையில் எறியவில்லை. கழுத்தில் போட்டபடியே என் முன்னால் உட்கார்ந்தாள்.

"எப்பிடி எழுதுனிய?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்னத்த?" என்றேன்.

"தொட்டிப் பக்கம் நின்னியள, பாத்தேன். டிக்கெட்ட எடுத்துச் சட்டைப் பையில வைக்கியதயும் பாத்தேன்."

"எழுதலளா. வெளிய வந்திட்டேன்."

அவள் குரல் உயராமலே வந்தது.

"யாரு ஒங்கள வெளிய வரச் சொன்னா? நாந்தான் டிப்டி தாசில்தார்கிட்ட அப்பமே சொல்லிட்டேனே. எங்க வீட்டுக்காரரு இந்த சென்டர்ல எழுதுதாரு, எனக்குத் தெரியாது, டீம் மாத்துனதுல இப்பிடி ஆயிட்டு, எழுதி வாங்கிக்கிடுங்கன்னு. பெட்டி சீலு ஒடைக்கதுக்கு முன்னாலயே சொல்லிட்டேன். எழுதியும் குடுத்தாச்சு. அவரு என்னைய அங்கனயே எறக்கிவிட்டுட்டு வேற ஆளக் கூட்டிட்டுப் போனாரு. நீங்க உள்ள ஒக்காந்து எழுதுதியன்னு நெனச்சு நா வராந்தாவுல நின்னு ஜெபமாலை சொல்லிட்டுக் கெடந்தேன்."

"மெமோ வருமேளா" என்றேன்.

"வரட்டும். மெமோ வந்தா என்ன, வேலையா போயிரப் போவுது? ஒங்களுக்கு இது கடைசி வருசமில்லா."

நான் எழுதுகிறேன் என்று அவளுக்குத் தெரியாது, ஆனால் அது எனக்குக் கடைசி வருஷம் என்பது தெரிந்திருந்தது. அந்தக் கணக்கை அவளும் தனியாகப் போட்டு வைத்திருந்தாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். தியாகம் செய்துவிட்டேன் என்று டீக்கடையிலிருந்து வீடு வரைக்கும் ஒரு நினைப்போடு வந்திருந்தேன். அதிலும் அவள் முந்திவிட்டாள். நானாவது யாருக்கும் தெரியாமல் நழுவி வந்தேன், அவள் நிமிர்ந்து நின்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

அடுத்த வாரம் மெமோ வந்தது. குறிப்பாணை என்று நான் போர்டில் எழுதிக் காட்டிய சொல்தான். கண்ணால் ஒன்றைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மேலே துறையின் பெயர், கீழே ந.க. எண், பொருள், பார்வை. நடுவில் அவள் முழுப்பெயர், அப்பா பெயரின் முதலெழுத்தோடு, பதவியோடு. ஏன் உங்கள் மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு விளக்கம் தர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நான் அதை இரண்டாம் தடவையும் வாசித்தேன். ஒரு சர்க்கார் ஒரு ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நீ ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கிறது. என்னை ஒரு ஆபீஸும் ஒன்றும் கேட்டதில்லை. கோபிக்கக்கூட யாருமில்லாத ஆள் நான். அவளுக்கு வந்த மெமோ மேலும் எனக்குப் பொறாமை வந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். வந்தது.

"விளக்கம் நீங்கதாம் எழுதித் தரணும். எனக்கு அந்த பாசை வராது" என்றாள் அவள்.

டைனிங் டேபிளைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். அனுப்புநர், பெறுநர். மதிப்பிற்குரிய ஐயா. பார்வையில் கண்ட குறிப்பாணைக்குப் பணிந்து சமர்ப்பிக்கும் விளக்கம். பேனா அதுவாக ஓடியது. வருஷக்கணக்காக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த அத்தனை சொல்லும் எங்கேயோ காத்துக்கொண்டிருந்த மாதிரி வரிசையில் வந்து நின்றது. பணி நிமித்தம், மாற்றுப் பணி, கவனத்திற்கு வந்தவுடன், உடனடியாக மேலதிகாரியின் பார்வைக்கு. எந்த இடத்தில் தாழ வேண்டும், எந்த இடத்தில் நிமிர வேண்டும் என்று என் கைக்குத் தெரிந்திருந்தது. எழுதும்போது, அது எனக்கு வந்த மெமோ இல்லை என்பதையே ஒரு நிமிஷம் மறந்துவிட்டேன். பரீட்சை ஹாலில் ஒருநாளும் நான் அவ்வளவு நன்றாக எழுதியதில்லை.

என்னைப் பற்றிக் குறிப்பிட வேண்டிய இடம் வந்ததும் பேனா நின்றது. எனது கணவர் என்று எழுதிவிட்டு, அடுத்து என்ன போடுவது என்று அவளைப் பார்த்தேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "தேர்வு எழுதாமல் வெளியேறிவிட்டார்னு போடுங்க, அதுதான உண்மை" என்றாள். அப்படியே போட்டேன்.

கடைசியில், தங்கள் உண்மையுள்ள என்று எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டு, அதன் கீழே கிராம நிர்வாக அலுவலர் என்று எழுதினேன். என் கையெழுத்தில் அந்தச் சொற்கள் பார்க்க லட்சணமாக இருந்தன. பேனாவை நான் கீழே வைக்கவில்லை. அவள் கையை நீட்டினாள். கொடுத்தேன். அந்த இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள்.